கரடிக்கு இடம் போதவில்லை

"நினைவகம் போதாது." கணினி மறுபடியும் அதே வரியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

சியாவ் பிங்ஹுய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தைவானின் ஷெதோ ஊரில் காலுறை பின்னாத தெரு கிடையாது. பாதி ஊருக்குக் குடும்பப் பெயரே சியாவ்தான். ஆனால் இருபத்தைந்து வருடத்துக் கிழட்டுக் கணினியை நம்பி ஆறு இயந்திரங்களை ஓட்டுகிற சியாவ் இவர் ஒருவர்தான். அதில் டிசைன் திறந்தால்தான் இயந்திரம் நகரும்.

கரடி போட்ட காலுறை, இருபதாயிரம் ஜோடி. திங்கட்கிழமைக்குள் மாதிரி போகாவிட்டால் ஆர்டர் பெரியப்பா மகன் தியான்சாய்க்குப் போய்விடும். இதுவும் போனால் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்.

தைச்சுங்கில் பழைய பாகங்கள் விற்கும் கூ என்பவனுக்கு போன் போட்டார்.

"டிசைனுக்கு மெமரி எவ்வளவு வேணுமாம்ண்ணே?"

"நூறு மெகாபைட். எங்கிட்ட அறுபத்துநாலுதான் இருக்கு."

"இவ்வளவுதானா? நூத்தியிருபத்தெட்டுல ரெண்டு அனுப்புறேன். செருகுங்க, பறக்கும்."

வந்தது. செருகினார். கணினி நிதானமாக எண்ணிப் பார்த்து, முப்பத்திரண்டு என்றது.

"கூடப் போட்டா குறையுது. இது எந்த ஊர் கணக்குய்யா?"

"ஓ, அவ்வளவு பழைய போர்டா? புது மாதிரி சிப்பெல்லாம் அது கண்ணுக்கு முழுசா தெரியாதுண்ணே. பழைய மாதிரியே அனுப்புறேன்."

அதுவும் வந்தது. இந்த முறை இருநூற்றைம்பத்தாறும் முழுதாகத் தெரிந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக பிங்ஹுய் தேநீரைச் சூடாகக் குடித்தார். குடித்து முடித்துத் திரும்பினால், குடிக்கும் முன் தட்டிய எழுத்து அப்போதுதான் திரையில் வந்துகொண்டிருந்தது. வழக்கமான கோடு போட்ட காலுறையைக்கூட இயந்திரங்கள் நின்று நின்று பின்னின.

"அந்த போர்டோட வேகமெல்லாம் முதல் அறுபத்துநாலுக்குத்தான். மேல போட்டா மொத்தமும் நொண்டும்," என்றான் கூ.

"முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீங்க கேக்கலையே. சரி, போர்டுக்குள்ள இருக்கிற ஆரம்ப புரோகிராமை மாத்திப் பாருங்க. சரியாகலாம்."

"ஆகுமா, ஆகலாமா?"

"ஆகலாம்."

பாதி மாறும்போது திரை கறுத்தது. அதன்பிறகு எந்தப் பொத்தானுக்கும் அது மசியவில்லை. பழைய மெமரியைத் திரும்பச் செருகியும் பார்த்துவிட்டார். ஆறு இயந்திரங்களும் ஓய்ந்தன. முப்பது வருடமாக அந்த இரைச்சலிலேயே இருந்தவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

பொட்டலம் கட்டும் யுவேலி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"முதலாளி, அழறீங்களா?"

"கண்ணுல தூசி."

"இப்பதானே கூட்டினேன்."

அன்று மாலை யுவேலியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தியான்சாய் வீட்டுக்குப் போனார். இவளுக்காவது அங்கே ஒரு வேலை கேட்கலாம் என்றுதான். தியான்சாயோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருடம்.

"வாடா. வழியெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றார் தியான்சாய்.

"என்னால முடியலண்ணே. கரடி ஆர்டரை நீயே எடுத்துக்க. இந்த அக்காவுக்கு ஒரு வேலை குடு."

தியான்சாய் கேலி செய்ய வாயெடுத்தார். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிங்ஹுய் அங்கிருந்தே ஆர்டர் கொடுத்தவருக்கு போன் செய்து, வேலையைக் கைமாற்றிவிட்டதாகச் சொன்னார். ஆர்டரை வாங்கும்போது கரடியை அந்த ஆளின் போனில் தீப்பெட்டி அளவுக்குப் பார்த்ததோடு சரி. டிசைனை முழுதாக ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை.

"சரி, அதை இங்க குடு," என்று தியான்சாய் டிசைன் இருந்த பென் டிரைவை வாங்கித் தன் புதுக் கணினியில் செருகினார். கண் மூடித் திறப்பதற்குள் டிசைன் திறந்தது. மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

யுவேலிதான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"முதலாளி, ரெண்டு காலோட உறையையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு வச்சிருக்காங்க, ரெண்டும் ஒரே கரடி. நம்ம மிஷின் ஒரு தடவைக்கு ஒரு உறையைத்தானே பின்னும்? பாதிப் படம் போதும்னா அம்பது மெகாபைட்தானே?"