கடித்துத் தின்ற பெப்பர்மின்ட் மாத்திரை

வயிறு சரியில்லாதவனுக்குத் தெரிந்த ஊர் வேறு. கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை திறந்திருக்கும், எங்கே சாவி கேட்டு நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கொஞ்சம் பதற்றம் வந்தால் போதும், குடல் முறுக்கிக்கொள்ளும்.

டாக்டர் பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"ஆராய்ச்சியில ஓரளவு நல்ல ரிசல்ட்தான் வந்திருக்கு. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. ஆனா முழுசா முழுங்கணும். மேல இருக்கிற உறை குடலுக்குப் போய்த்தான் கரையணும்" என்றார். (நான் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டேன்.)

காலடிப்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். மூத்த மகளைக் குடிகாரனுக்குக் கொடுத்து நொந்துபோன குடும்பம். குடிக்காத பையன் என்றால் போதும் என்றிருந்தார்கள். போட்டோவிலேயே இளையவள் மலரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டதால் பதற்றமும் அதிகம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டதும் வயிறு ஆரம்பித்தது. கையில் தண்ணீர் இல்லை. மென்றால் சீக்கிரம் வேலை செய்யும் என்று நானே ஓர் ஆராய்ச்சி முடிவுக்கு வந்து, இரண்டு மாத்திரைகளைக் கடித்துத் தின்றேன்.

தொண்டை முதல் நெஞ்சுவரை எரிந்தது. கண் சிவந்து நீர் கொட்டியது. பெண் வீட்டில் நான் சொன்ன வணக்கத்தோடு ஏப்பமும் வந்து கூடமே மணத்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மலரின் அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"இன்னா தம்பி, கண்ணு செவந்துகீது? வாசன தெரியக்கூடாதுன்னு மிட்டாயி போட்டுகினு வந்தியா?"

"நான் குடிக்கிறதே இல்லீங்க."

"எங்க, ஊது."

ஊதினேன். அவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

"மூத்த மாப்ளயும் இப்டித்தான் மணந்துகினு வந்தான்" என்றபடி வாசலைப் பார்த்தார். என் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

மலர் கைவிட்டுப் போகிறாள் என்ற பயத்தில் மாத்திரை அட்டையை அவரிடம் நீட்டி, என் வயிற்றின் போக்குவரத்து விவரம் முழுவதையும் சபையில் ஒப்பித்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மலரின் அம்மாதான் வாயைத் திறந்தார்.

"குடிச்சவன் ஆயிரம் பொய் சொல்வான். ஆனா பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்டி ஒரு பொய் எவன் சொல்வான்? உக்காருப்பா."

மலர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, பாத்ரூமுக்கு வழி சொன்னதுதான்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மாத்திரை எனக்குக் கொஞ்சம் கேட்கிறது (விழுங்கினால்). மாமனார் வீட்டு விசேஷங்களில் இன்றும் என்னை ஊதச் சொல்லிவிட்டுத்தான் இலை போடுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த என் நாலு வயது மகள், நான் வேலை முடிந்து வந்ததும் வாசலை மறித்துக்கொண்டு "ஊதுப்பா" என்கிறாள். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் வீட்டுக்குள் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.