மாவுக் கவருக்குள் ஒரு பேட்டரி

கவலைப்பட்டே ஒரு கார் பேட்டரியைக் கொன்றவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. (எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு அவ்வளவு நாள் பிடிக்கவில்லை. அவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.)

பூட்டின கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். ஒருமுறை நாலாவது தடவையும் இழுத்ததில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. பத்தாவதில் பப்ளிக் பரீட்சை வருமே என்ற பயத்தில், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம் ஊரப்பாக்கத்தில் அம்மாவும் நானும் இட்லி மாவு அரைத்து, கவரில் கட்டி, கடைகளுக்குப் போட ஆரம்பித்தோம். தொழில் நன்றாகவே நடந்தது. மாவு பொங்கிவிட்டதா, பொங்கவில்லையா என்று மணிக்கொரு தரம் அண்டாவை எட்டிப் பார்க்கிறவன் கையில் மாவு எப்படிக் கெடும்?

இந்த அழகில் ஒரு பழைய கார் வாங்கினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வெள்ளை கார். வீட்டு வாசலில் அது வந்து நின்ற நாளில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் மாவுக் கவர்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்புவேன். நூறடி ஓட்டுவேன், ஒரு கடை. அணைப்பேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணுவேன், இன்னொரு நூறடி, இன்னொரு கடை. இருபது கடைக்கு இருபது ஸ்டார்ட். பக்கத்து ஊர் பொத்தேரியைக்கூட எட்டாத கார் அது.

வாங்கி இரண்டு மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் கவனித்தேன். ஹெட்லைட் மங்கலாக இருந்தது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் அரவைக் கொட்டகைச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்துவேன். லைட்டைப் போடுவேன். இறங்கிப்போய்ச் சுவரைப் பார்ப்பேன். இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன், அந்தப் பக்கம் நின்று பார்ப்பேன், நேற்றைவிட மங்கலா என்று யோசிப்பேன். காலையில் ஐந்து நிமிடம், மத்தியானம் ஐந்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம். பெட்ரோல் வீணாகக் கூடாதே என்று இன்ஜினை மட்டும் அணைத்துவிடுவேன். (என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.)

ஒரு வாரத்தில் இன்னும் மங்கியது. அதனால் இன்னும் அதிகமாகப் பார்த்தேன்.

பக்கத்துத் தெரு டில்லி, "கண்ணாடி மஞ்சளாச்சு மச்சான், பல் பேஸ்ட்டு போட்டுத் தேய்" என்றான். தேய்த்தேன். கண்ணாடி பளபளத்தது, வெளிச்சம் வரவில்லை. "பல்ப மாத்து" என்றான். பெரிய பல்பாக வாங்கி மாட்டினேன். இன்னும் மோசம். கடைசியில், "பேட்டரிய பாரு" என்றான். பானெட்டைத் திறந்தேன். பேட்டரியின் தலையில், ஒயர் மாட்டுகிற இடத்தில், வெள்ளையாக ஏதோ பொங்கிக் காய்ந்து கிடந்தது.

நான் பிறந்ததிலிருந்து பார்த்த வெள்ளைப் பொருள் ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா! பேட்டரி மேல மாவ கொட்டிக்கீறியே, அறிவு கீதா உனக்கு?"

"நான் எதுக்குடா அங்க போய் மாவ கொட்டப்போறேன்?"

"அப்ப இது இன்னா? புளிச்சுப் பொங்கிக் கீதே!"

ஈரத்துணியால் துடைத்தேன். நாலு நாளில் மறுபடி பொங்கியது. அம்மா மேல் சந்தேகம் உறுதியானது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, மாவுக்கு ஊற்றும் அதே கேன் தண்ணீரைச் சுத்தமாக ஊற்றிவைத்தேன்.

இந்த நேரத்தில்தான் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரி. பெண் பெயர் சுகன்யா. சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் வண்டிகளுக்கு ஆபீசில் உட்கார்ந்து போனில் வழி சொல்லும் வேலை. போட்டோவைப் பார்த்தேன். நெஞ்சுக்குள் கிரைண்டர் ஓடியது. அதற்கு முன்னால் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றிலும் 'பையன் படிப்பு' என்பதுதான் முட்டுக்கட்டை. அதனால் இந்த முறை தரகரும் என் மாமாவும் சேர்ந்து என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணவைத்துவிட்டார்கள். எனக்கே தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்ப்பது என்று முடிவானது. "கார்ல போய் எறங்கணும்டா, அதான் கெத்து" என்றார் மாமா. பெண்ணைப் பற்றிய சந்தோஷத்தோடு எனக்கு ஒரு புதுக் கவலையும் சேர்ந்தது. கடற்கரை ஊர். உப்புக் காற்று. பேட்டரி என்ன ஆகும்? முதல்நாள் உட்கார்ந்து யோசித்து, எங்கள் மாவுக் கவர்களை எடுத்து, பேட்டரியைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். உள்ளே காற்றுகூட நுழையாது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். நான், அம்மா, பட்டுக்கரை வேட்டியில் மாமா. சிங்கப்பெருமாள்கோயில் வந்ததும் ஓரம் கட்டினேன்.

"இன்னாடா?"

"லைட் எரியுதான்னு பாத்துட்டு வரேன் மாமா."

"பட்டப் பகல்லயாடா?"

பகலில் வெளிச்சம் தெரியாதில்லையா, அதனால் கண்ணாடியைக் கையால் பொத்தி, குனிந்து, விரல் சந்தில் பார்த்தேன். செங்கல்பட்டில் நின்றிருந்த ஒரு லாரியின் முதுகில் அடித்துப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்தில் அம்மா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நான் எதிர்ப்பக்கம் ஒரு மதில் சுவரைப் பார்த்து லைட்டைப் போட்டேன். எல்லா இடத்திலும் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான். "இவன் பொண்ணப் பாக்க வரானா, செவுத்தப் பாக்க வரானா?" என்று மாமா அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

பெண் வீட்டில் கேசரி, பஜ்ஜி, காபி. சுகன்யா வந்தாள். போட்டோ பொய் சொல்லவில்லை, உண்மையைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தது. எனக்கு வாய்க்குள் பஜ்ஜி இருப்பதே மறந்துபோனது. அவள் அப்பா நல்ல மனிதர், மெதுவாகக் கேட்டார்: "தம்பி என்ன படிச்சிருக்கு?"

"பன்னெண்டாவது!" என்றார் மாமா. நான் பஜ்ஜியை முழுசாக விழுங்கினேன்.

அவளுடைய அத்தை ஒருவர் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையது என்பது, எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டுப் பேசுவதிலேயே தெரிந்தது. ஆறு மணி தாண்டியதும் அவரே எழுந்து, "பொழுது சாயறதுக்குள்ள கெளம்புங்க, நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அம்மா என் கையை அழுத்தினார். முடிந்துவிட்டது, இந்த இடம் நமக்குத்தான்!

எல்லோரும் வாசல்வரை வந்தார்கள். நான் கம்பீரமாக உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.

டக்.

இன்னொரு தடவை. டக். லைட்டைப் போட்டேன். ஹெட்லைட் இரண்டும் கார்த்திகை முடிந்து மூன்றாம் நாள் அகல் விளக்கு மாதிரி செக்கச்செவேல் என்று முனகின. பதற்றத்தில் கை ஹாரன்மேல் பட்டது. சளி பிடித்த ஆட்டுக்குட்டி ஒன்று வண்டிக்குள்ளிருந்து கத்தியது.

அத்தை சிரிப்பு போன முகத்தோடு சொன்னார்: "பொண்ணு பாத்துட்டுக் கெளம்பற வண்டி வாசல்லயே நின்னா... சகுனம் சரியில்லையே."

அம்மாவின் முகம் அந்த ஹெட்லைட்டைவிட மங்கிப்போனது. சுகன்யாவின் அப்பா தரையைப் பார்த்தார். நாலாவது இடமும் போச்சு, இந்தத் தடவை படிப்பால்கூட இல்லை என்று நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன்.

"லைட் இன்னைக்கு மட்டும் டிம்மா, கொஞ்ச நாளாவே டிம்மா?"

நிமிர்ந்தால், ஜன்னலோரம் சுகன்யா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. குரல் மட்டும் தினம் ஐம்பது டிரைவர்களுக்கு, நடுவழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதுவரை, போனில் பதில் சொல்லும் ஆபீஸ் குரல்.

"கொஞ்ச நாளாங்க."

"நின்னுட்டு இருக்கும்போது டிம்மாகி, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா பிரைட் ஆகுதா?"

"மிதிச்சுப் பாத்தது இல்லீங்க. நான் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத்தான் பாப்பேன்."

"என்னத்தப் பாப்பீங்க?"

"லைட்டைங்க."

"எவ்ளோ நேரம்?"

மனதுக்குள் கூட்டினேன். "ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். இன்னைக்கு வழியில மூணு தடவை எக்ஸ்ட்ரா."

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்ஜின் ஓடாம லைட் எரிஞ்சா பேட்டரிதாங்க காலியாகும். பானெட்டைத் திறங்க."

திறந்தேன். பேட்டரி இருந்த இடத்தில் ஒரு பெரிய இட்லி மாவு பார்சல் இருந்தது. ஏழு கவரிலும் எங்கள் கடைப் பெயர், என் போன் நம்பர், 'சுத்தமானது, சுவையானது' என்ற வாசகம். அவள் அப்பா எட்டிப் பார்த்து, "மாவுல ஓடற வண்டியா தம்பி?" என்றார். பாவம், நிஜமாகவே கேட்டார்.

கவர்களைச் சுகன்யா ஒவ்வொன்றாக உரித்தாள். உள்ளே பழையபடி வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

"அது மாவுங்க" என்றேன் அவசரமாக. "எங்கம்மா கொட்டிட்டாங்க."

"நான் கொட்டலம்மா! சாமி சத்தியமா நான் கொட்டல!" அம்மா கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"அவங்க கொட்டலீங்க" என்றாள் சுகன்யா. "இது மாவே இல்ல. ஆசிட் கசிஞ்சு, ஒயர் மாட்டற டெர்மினல்ல பூக்கற உப்பு. இது பூத்தா கரண்டு சரியா போகாது, சார்ஜும் ஏறாது. கையில தொடாதீங்க." அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, வெந்நியும் ஆப்ப சோடாவும் கொண்டா! ஒரு பழைய பல் பிரஷ்ஷும்!"

"எங்க மாவுல சோடா கலக்கறதே இல்லீங்க" என்றேன். (ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. தொழில் பழக்கம்.)

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவிடம் ஸ்பேனர் வாங்கி, "மைனஸைத்தான் மொதல்ல கழட்டணும்" என்று தனக்குத்தானே சொல்லியபடி கழற்றினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சமாக விட்டுத் தேய்த்தாள். வெள்ளை நுரைத்துக் கரைந்தது. டார்ச் பிடிக்கிற சாக்கில் நான் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளையும் பொண்ணும் தனியாகப் பேசட்டும் என்று எல்லா வீட்டிலும் ஒரு நேரம் ஒதுக்குவார்களே, எங்களுக்கு அது பானெட்டுக்கு அடியில் கிடைத்தது. இவ்வளவு நேர்மையாகக் கேள்வி கேட்கிறவளிடம் இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன் மெல்ல. "நான் பன்னெண்டாவது இல்லீங்க. ஒன்பதாவதோட நின்னுட்டேன். பரீட்சைக்குப் பயந்து."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சரி. பேட்டரிக்கு என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"கேன் தண்ணி."

இப்போதுதான் நிமிர்ந்து முறைத்தாள். "அதைத்தாங்க மொதல்ல சொல்லியிருக்கணும்! டிஸ்டில்டு வாட்டர் தவிர ஒரு சொட்டு ஊத்தக்கூடாது." என் பன்னிரண்டாம் வகுப்பு அந்த வாசலில் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. கேன் தண்ணீர்தான் பெரிய குற்றம்!

பிளஸ்ஸை முதலில், மைனஸைக் கடைசியில் முடுக்கி, மேலே வாசலின் தடவினாள். பிறகு பல் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள்.

"சகுனம் இல்ல அத்தை. டெர்மினல்."

அத்தை கிட்டே வந்து பேட்டரியை எட்டிப் பார்த்தார்.

"இப்ப தள்ளணும். சார்ஜ் சுத்தமா இல்ல" என்றாள் சுகன்யா.

தள்ளினார்கள். அவள் அப்பா, மாமா, எதிர்வீட்டு ஆட்டோக்காரர், அம்மா, எல்லாரும். மாமாவின் பட்டுக்கரை வேட்டி பாதி வழியில் அவரை விட்டுப் பிரிய, அவர் ஒரு கையால் வேட்டியையும் இன்னொரு கையால் காரையும் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்கண்ணாடியில் பார்க்கிறேன், கடைசியாக வந்து கை கொடுப்பது அத்தை! "செகண்ட் கியர்! இப்ப கிளட்ச்சை வுடுங்க!" என்று சுகன்யா கத்தினாள். விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து உறுமியது. தெரு திரும்பி வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தி லைட்டைப் போட்டேன்.

சுவர் முழுக்க வெள்ளை வெளேர் என்று வெளிச்சம்! நடுவில் கையால் கண்ணை மறைத்தபடி சுகன்யா நின்றாள். எனக்கு இறங்கிப்போய் அந்தச் சுவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"வூடு போய்ச் சேர்ற வரைக்கும் இன்ஜினை அணைக்கக் கூடாது" என்றாள் ஜன்னலில். "வழியில எந்தச் செவுத்தையும் பாக்கக் கூடாது. போய்ச் சேர்ந்துட்டீங்களான்னு நானே போன் பண்றேன்."

"நம்பர்..."

அவள் கையில் ஒரு மாவுக் கவர் மடித்து வைத்திருந்தாள்.

அந்தப் பேட்டரி பிழைக்கவில்லை. மறுநாள் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இத்த இன்னா பண்ண அண்ணாத்த?" என்று பரிதாபமாகக் கேட்டார். சம்பந்தம் மட்டும் பிழைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் சுகன்யா எங்கள் வீட்டுக்கு அனுப்பிய முதல் பரிசு ஒரு டிஸ்டில்டு வாட்டர் கேன்.

நான்கு வருடம் ஆகிறது. நான் இன்னும் கவலைப்படுகிறேன், லைட்டையும் பார்க்கிறேன், ஆனால் இன்ஜினை ஓடவிட்டு. வீட்டில் எது நின்றாலும், எது கெட்டாலும், நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "சகுனமா, டெர்மினலா?" மிக்ஸி நின்றால், மழை வந்தால், என் மகள் ராத்திரி தூங்காமல் அழுதால்கூட இதே கேள்விதான். (மகள் அழுதது டெர்மினல். எறும்பு கடித்திருந்தது.)

போன மாதம் அத்தை பூஞ்சேரியிலிருந்து போன் பண்ணினார். அவர் வீட்டு டிவி படம் வரும் நேரத்தில் புஸ்ஸென்று அணைந்துவிட்டதாம். இவருக்கு என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று நான் கவலைப்பட ஆரம்பிக்கும் முன்பே அவரே சொன்னார்:

"பயப்படாத மாப்ள. பிளக்க உருவிப் பாத்துட்டேன். டெர்மினல்தான்."