பாதித் தலையும் தகுதிக் கணக்கும்

கால்பந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்த்துவிட்டு நடுவரின் கண்பார்வையைச் சந்தேகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது நான்காவது இனம். இந்த இனத்துக்குப் பந்து தேவையில்லை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். தன் ஊர் அணி எவ்வளவு கேவலமாகத் தோற்றிருந்தாலும், ஆப்பிரிக்க கிளப் கோப்பைக்கு அது இன்னும் எந்தச் சந்து வழியாகப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். நான் இதற்குத் தகுதிக் கணக்கர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆப்பிரிக்காவின் செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் குடியிருந்த இருபத்தாறு வருடங்களில் மினிபஸ்ஸின் முன் இருக்கையிலும், தேவாலயப் பாடகர் குழுவிலும், சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டிலும் இந்த இனத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த உருப்படி ஒன்றே ஒன்றுதான். சிம்வெம்வே சந்தையில் முடி வெட்டும் கடை வைத்திருக்கும் கபாம்ப்வே.

கபாம்ப்வேக்குத் தன் கல்யாண நாள் தெரியாது. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளின் தரவரிசையில் சூடானுக்கு எத்தனை மதிப்பெண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஐந்து வருடத்து ஆட்டங்களைச் சேர்த்து நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், போன வருடத்துக்கு ஐந்து மடங்கு எடை, அதற்கு முந்தினதற்கு நான்கு மடங்கு, இப்படியே தேய்ந்துகொண்டு போகும், முதல் பன்னிரண்டு நாடுகள் நான்கு கிளப்புகளை அனுப்பலாம், பதின்மூன்றாவதாக வந்தால் இரண்டுதான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் நாடு பெரும்பாலும் பதின்மூன்றாவது. ஆகையால் எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதே கிடையாது. அங்கோலாக்காரன் தோற்க வேண்டும், லிபியாக்காரன் ட்ரா செய்ய வேண்டும், மாலிக்காரன் ஏறப்போகும் விமானம் ஒரு நாள் தாமதமாக வேண்டும் என்றுதான் அவருடைய ஜபம் போகும். கடவுளுக்கு எத்தனை வேலை பாருங்கள்.

இதையெல்லாம் கேட்க ஆள் வேண்டுமே? அங்கேதான் அவருடைய தொழில் கைகொடுத்தது. பாதி வெட்டிய தலையோடு யார் எழுந்து போவார்கள்? வலது பக்கம் முடிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு மேஜைமேல் கடலையை அடுக்க ஆரம்பிப்பார். ஒரு கடலை ஒரு அணி. மின்வெட்டு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அன்றைக்கு அவருக்குத் திருவிழா. கத்திரிக்கோல் இருந்தது. ஆனால் கத்திரிக்கோலைப் பிடித்த கையால் கடலையை எப்படி நகர்த்துவது? பிள்ளையின் பெயரைச் சேர்த்து அவரை லொம்பேயப்பா என்று கூப்பிடும் வாடிக்கைக்காரர்கள் கெஞ்சுவார்கள்.

"லொம்பேயப்பா, எனக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். இந்தப் பக்கத்தையும் எடுத்து விட்டுருங்க."

"ஷிஃப்ட் நாளைக்கும் இருக்கும்பா. பன்னிரண்டாவது இடம் நாளைக்கு இருக்காது."

கடலை வந்தது பக்கத்துப் பலகாரக் கடையிலிருந்து. கடைக்காரி தோக்கோவின் அம்மா, கிழக்கே சிப்பாட்டாவிலிருந்து வந்த ங்கோனிக்காரி. கபாம்ப்வே பெம்பா. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு இனத்தாரும் கேலிமுறைக்காரர்கள். பெம்பாவைக் குரங்கு தின்கிறவன் என்று ங்கோனி சொல்லலாம், ங்கோனியை எலி தின்கிறவன் என்று பெம்பா சொல்லலாம், இன்னும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபம் வரக்கூடாது, வந்தால் வந்தவனுக்குத்தான் அவமானம். சாவு வீட்டிலும் அப்படித்தான். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது கேலிமுறைக்காரர்கள் உள்ளே வந்து கூத்தடித்துச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள்.

"என்ன குரங்குதின்னி, இன்னைக்கு எந்த நாட்டைக் கவிழ்த்தே?" என்று அவள் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கேட்பாள்.

"எலி புடிக்கிறவளுக்கு ஃபுட்பால் எதுக்கு? வயல்ல பொந்து தேடுற வேலையைப் பாரு" என்பார் அவர்.

இப்படியே போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் தகுதிக் கணக்கர்களிடம் ஒரு அபாயம் இருக்கிறது. சில சமயம் அவர்கள் சொல்வதை யாராவது நம்பிவிடுகிறார்கள்.

எங்கள் அணியின் பெயர் ஷாஃப்ட் செவன். ஏழாம் எண் சுரங்கத்துத் தொழிலாளிகள் ஆரம்பித்த அணி. அதன் கோல்கீப்பர் எவரிஸ்டோ சுங்கு. பதினேழு வருடமாக அதே கம்பங்களுக்கு நடுவே நிற்கிறான். வயது முப்பத்தைந்து. பெனால்டி தடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட வேறு நாட்டு மண்ணில் நின்று ஆடியதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், இந்த வருடம் நிச்சயம் போகிறோம் என்று கபாம்ப்வே கடலை அடுக்கிக் காட்டியதை நம்பி, பாஸ்போர்ட் எடுத்தான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையுறைப் பையிலேயே வைத்திருப்பான். உள்ளே ஒரு முத்திரை கிடையாது. அடுத்த வருடம் அது காலாவதி. அவனும்தான். ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனால் இன்னும் ஒரு பருவம் வைத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் இதோடு சரி என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வருடம் அதிசயமாக உள்நாட்டுக் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். விதி எளிது. லீக் சாம்பியன் ஆப்பிரிக்கப் பெரிய கோப்பைக்குப் போவான், உள்நாட்டுக் கோப்பையை ஜெயித்தவன் சின்னக் கோப்பைக்குப் போவான். எங்கள் எதிரி லுசாகா ஹார்னெட்ஸ், அந்த வருடத்து லீக் சாம்பியனும் அவர்களேதான். ஜெயித்தால் நாங்கள் போகிறோம். இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது என்கிறீர்களா? நீங்கள் கபாம்ப்வேயைப் பார்த்ததில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கோச் முசோண்டா முடி வெட்ட வந்தார். டி.வி.யில் முகம் வரப்போகிறதே. வலது பக்கம் முடிந்தது. மின்சாரம் போனது. அட்டவணைப்படி நான்கு மணி நேரம். கோச் கண்ணாடியில் பார்த்தார். பாதித் தலையோடு சந்தைக்குள் நடந்து போக முடியுமா? உட்கார்ந்துவிட்டார். நான் பெஞ்சில் இருந்தேன், அதனால் இது எதுவும் கேள்விப்பட்ட கதை இல்லை.

"கோச், உங்க கீப்பர் விரல் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தார் கபாம்ப்வே.

"செமிஃபைனல்ல அடிபட்டது. வீங்கியிருக்கு. கட்டுப் போட்டு நிக்கிறேங்கிறான். இன்னொரு அடி விழுந்தா உடைஞ்சிடும், ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார்."

"அப்ப எதுக்கு அவனை நிக்க வைக்கிறீங்க? சின்னக் கோப்பை ஆட்டம் ஆறு வாரத்துல ஆரம்பிக்குது. அங்க ஆள் வேணாமா?"

"முதல்ல இங்க ஜெயிக்கணுமில்ல?"

கபாம்ப்வே சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி. இரண்டு கடலையை எடுத்து வைத்தார். "இது ஹார்னெட்ஸ். இது நாம. அவங்க ஜெயிச்சா என்ன ஆகும்? அவங்கதான் ஏற்கனவே பெரிய கோப்பைக்குப் போறாங்களே. ஒரே ஆள் ரெண்டு பஸ்ல ஏற முடியுமா? அப்ப சின்னக் கோப்பை சீட்டு காலி. அது ஃபைனல்ல தோத்தவனுக்கு. ஜெயிச்சாலும் நாம போறோம், தோத்தாலும் நாம போறோம். ஃபைனலுக்கு வந்தப்பவே போயாச்சு கோச். ஞாயித்துக்கிழமை நடக்கறது சும்மா ஒரு சடங்கு."

கோச் சந்தேகப்பட்டார். கபாம்ப்வே இழுப்பறையைத் திறந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். கால்பந்து சங்கத்தின் விதிமுறை அச்சாகியிருந்தது, எண்ணெய்க் கறையோடு. தோக்கோவின் அம்மா எப்போதோ பலகாரம் மடித்துக் கொடுத்த தாள் அது. தேதி இருக்க வேண்டிய மூலை பலகாரத்தோடு போயிருந்தது.

"அதுல மடிச்சுக் குடுத்தது என் மூத்தவ கல்யாணத்துக்கு முன்னாடி" என்று அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இப்ப எனக்குப் பேத்தி நடக்குறா."

"பேசாம வடையைத் திருப்பு" என்றார் அவர்.

கேலிமுறைக்காரி சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? கோச் தலையாட்டினார், முடி இருந்த பாதியையும் சேர்த்து. நானும் தலையாட்டினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கு விரலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தோற்றாலும் போகிறோம் என்ற விஷயம் சிம்வெம்வே முழுக்கப் பரவியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று சமனாகி ஆட்டம் பெனால்டிக்குப் போனது. மாற்று கீப்பர் ஐந்து தடவையும் வலது பக்கமே விழுந்தான். ஹார்னெட்ஸ் ஐந்து தடவையும் இடது பக்கமே அடித்தார்கள். தோற்றோம். தோற்றதும் எங்கள் பக்கத்து கேலரி எழுந்து ஆடியது பாருங்கள், ஊதலும் மேளமுமாக! கோப்பையைக் கையில் பிடித்திருந்த லுசாகாக்காரர்கள் ஒன்றும் புரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை அந்த மைதானம் கண்டிருக்காது. சுங்கு மட்டும் ஆடவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சங்கத்தின் அறிவிப்பு வந்தது. கோப்பையை லீக் சாம்பியனே ஜெயித்தால், சின்னக் கோப்பை இடம் லீக்கில் இரண்டாவதாக வந்த அணிக்கு. விதி மாறி மூன்று வருடம் ஆகிறது. லீக்கில் நாங்கள் ஐந்தாவது.

கபாம்ப்வேயை யாரும் அடிக்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து தலையாட்டியவர்கள் எந்த வாயால் திட்டுவது? அதற்கு உரிமை இருந்தது ஒருத்திக்குத்தான். புதன்கிழமை காலை தோக்கோவின் அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சலூன் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, வாய்ப்பே, போயிட்டியே. பாதித் தலையோட உன்னைப் பறிகொடுத்தோமே. என் வடைத்தாள் உனக்கு எமனா வந்துச்சே. எங்க இந்தக் குரங்குதின்னி? சாவு வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு போடமாட்டானா?"

சந்தை திரண்டுவிட்டது. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். கோச் கூடச் சிரித்தார், இரண்டு பக்கமும் வெட்டின தலையோடு. சுங்கு வந்திருந்தான். கையுறைப் பையைக் கிளப்பில் ஒப்படைத்துவிட்டு வந்த கையோடு நின்றான். பாஸ்போர்ட் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. அவனும் சிரித்தான். அப்பாடா, முடிந்தது, இனி இந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார் என்று நினைத்தேன்.

கபாம்ப்வே உள்ளேயிருந்து வந்தார். கையில் கடலை.

"அழுகையை நிறுத்து, எலிக்காரி. இன்னும் மூச்சு இருக்கு."

"எங்க இருக்கு? உன் மூக்குலயா?"

"நாம அஞ்சாவது. சரியா? ரெண்டாவது வந்தவன் மைதானத்துல விளக்கு இல்ல. இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸாக மாட்டான். அவன் போனா மூணாவது. மூணாவதுக்காரன் லைசென்ஸ் பேப்பரை இன்னும் அனுப்பலையாம். அவனும் போனா நாலாவது." நான்கு கடலையை வாசற்படியில் வரிசையாக வைத்தார். கடைசிக் கடலை நாங்கள்.

தோக்கோவின் அம்மா கை நீட்டி முதல் கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "இந்தா, ரெண்டாவது ஆள் போயாச்சு. போதுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுங்கு சிரிக்கவில்லை. மெதுவாகக் குனிந்தான். கட்டுப் போட்ட கையாலேயே அடுத்த கடலையைத் தள்ளி வைத்தான்.

"அந்த நாலாவது டீமு?" என்று கேட்டான். "அவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

கபாம்ப்வேகூட யோசித்தார். அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்தபோது என் வாய் தானாகத் திறந்தது.

"அவங்க கோச்சுக்கு முறையான சர்டிஃபிகேட் கிடையாதுன்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

நான் அப்படி எதுவும் கேள்விப்படவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் சுங்கு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கபாம்ப்வே என்னைத் தன் ஆள் என்பதுபோல் பார்த்து, பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து என் பையிலும் கொஞ்சம் கடலை இருக்கிறது.

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எங்கோ கிட்வேயில் யாரோ நாலு பேர் செய்த கூத்து என்று சொல்லலாம். ஆனால் மூன்று அணிகள் விலகினால் போதுமே, முதல் அணிக்கு விளக்குக் கிடையாது என்கிறார்களே, மிச்சம் இரண்டுதானே என்று இப்போது மனதுக்குள் எண்ணிப் பார்த்தீர்கள் அல்லவா? எழுந்து போய்க் கண்ணாடியில் உங்கள் தலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் வெட்டியிருக்கிறதா?