முதலை வறை

எங்கள் ஆட்களில் சைவம் சாப்பிடுகிறவர்களைச் சமாளிக்கலாம். எல்லாம் சாப்பிடுகிறவர்களையும் சமாளிக்கலாம். "நான் இறைச்சி தொடுறேல்லை, மீன் எண்டாப் பரவாயில்லை" என்று நடுவில் நிற்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுடைய சட்டம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். முட்டை ஒரு வீட்டில் சைவம், பக்கத்து வீட்டில் மச்சம். கேக்குக்குள் போய்விட்டால் எல்லா வீட்டிலும் சைவம்.

இந்தச் சட்டத்தோடு நான் மோதியது எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னில். மோதியது சும்மா இல்லை, ஒரு முதலையோடு.

அப்போது நான் கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்றைக்கு மெல்பேர்னின் டார்னெய்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அந்தக் காலத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் ட்ராமை விட்டு இறங்கிப் பின்னால் போவோம். (அப்படிப் போய் ஒரு இத்தாலியரிடம் "நீங்கள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டிருக்கிறேன்.) கணவர் காலையில் தொழிற்சாலைக்குப் போனால், மாலைவரை கிளேட்டன் பிளாட்டில் நானும் நான்கு சுவரும்தான். ஒரு கட்டத்தில் குசினியில் கறிச்சட்டியோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

அதனால்தான் என் தங்கை வசந்தியை எப்படியாவது மெல்பேர்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன். அதற்கு ஒரு வழி கண்ணுக்குத் தெரிந்தது. குலேந்திரன் என்று ஒரு டொக்டர், கல்யாணமாகாதவர், இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. அவருடைய தாயார் மகனுக்குப் பெண் பார்ப்பதற்கென்றே ஊரிலிருந்து வந்து நின்றார். வசந்தியின் படம் அவருக்குப் பிடித்திருந்தது. அக்காவின் வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னோம்.

என் கணவருக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. டொக்டரிடம் கார் இருந்தது. எங்களிடம் நான்கு கதிரைகள் இருந்தன, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். சாப்பாட்டிலாவது டொக்டரை மடக்கிவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். ஆட்டிறைச்சி எல்லாரும் கொடுப்பார்களாம், கோழி அதைவிடச் சாதாரணமாம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவர் பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு பெரிய ஐஸ் கட்டியை மேசையில் வைத்தார். மேசை அதிர்ந்தது.

முதலை. வேலையில் கூட நிற்கும் கெவினின் அண்ணன் வடக்கிலிருந்து லொறியில் கொண்டுவந்ததாம். தொழிற்சாலைக் கார் நிறுத்தும் இடத்தில், கார் டிக்கியைத் திறந்துவைத்து விற்றிருக்கிறார்கள். சட்டப்படி சரியா என்று இவர் கேட்கவில்லை. வால் என்று சொல்லித் தலையில் கட்டியிருந்தார்கள், ஆனால் வெட்டியவன் தாராள மனம் உள்ளவன். வாலோடு முதுகின் அடிப்பகுதியும் கொஞ்சம் வந்திருந்தது.

இதுவரைக்கும் வெறும் பைத்தியக்காரத்தனம். ஆபத்து சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் வந்தது. டொக்டர்தான். சொல்ல மறந்துவிட்டாராம், அம்மா இறைச்சி தொடமாட்டாவாம், மீன் என்றால் பரவாயில்லையாம். அந்தக் காலத்து மெல்பேர்னில் சனிக்கிழமை மத்தியானம் கடை சாத்தினால் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். மீனுக்கு எங்கே போவது? சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு வெறும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் வைத்தால், பெண் வீட்டார் கஞ்சர் என்று கப்பலேறி ஊர்வரைக்கும் கதை போகும்.

கணவர் அறைக்குள் இரண்டு தரம் நடந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சேரும், முதலை தண்ணிக்குள்ள இருக்குது. முட்டை போடுது. செதில் கிடக்கு. மீனெண்டு சொல்ல இன்னும் என்ன வேணும்?"

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதலாக மூச்சுவிட்டேன். வசந்தி வந்து இறங்குவது கண்ணுக்குள் தெரிந்தால் முதலையும் மீனாகத்தான் தெரியும்.

மீன் என்று முடிவான பிறகு மீனைப் போலத்தானே சமைக்க வேண்டும்? ஞாயிறு காலை துண்டு துண்டாக வெட்டி, கொதிக்கிற குழம்பில் போட்டு, ஒரு கொதியில் இறக்கினேன். கணவர் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். நான் வெங்காயம் உரித்து முடித்தேன், அவர் மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் விழுங்க முடியாமல் ஜன்னலுக்கு வெளியே துப்பினார். பக்கத்து வீட்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அழுகை வந்துவிட்டது. குழம்பை வடித்து, துண்டுகளைக் கழுவி, பிரஷர் குக்கருக்குள் போட்டு விசில் விசிலாக அடிக்கவிட்டேன். வீடெல்லாம் குளத்து வாடை. திறந்து பார்த்தால் அதிசயம், எல்லாம் நார் நாராக, அவித்த சுறாவைப் போலக் கிடந்தது. எங்கள் ஊரில் சுறாவை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறை வறுப்போம். அப்படியே செய்தேன். வெங்காயம், செத்தல் மிளகாய், மஞ்சள், கடையில் வாங்கிய உலர்ந்த தேங்காய்த்துருவல். ஆமாம், வாசமும் வந்தது. அவசரத்தில் எலும்பை மட்டும் சரியாகப் பொறுக்கவில்லை.

மகனோடு வந்தார் மாமி, டொக்டரின் தாயார். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி. கால் ஆடும் கதிரையில் கணவரே போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாய் வறையை எடுத்ததும் மாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"சுறா வறை. ஊர்விட்ட பிறகு இண்டைக்குத்தான் வாய்க்கு ருசியாச் சாப்பிடுறன், பிள்ளை."

நான் சுறா என்று சொல்லவில்லை. அவராகச் சொன்னார், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு தரமும். வசந்தி நன்றாகச் சமைப்பாளோ என்று கேட்டார். என் கண்ணுக்குள் கல்யாண மேளம் கேட்டது. (ஆம், கண்ணுக்குள்தான். அவ்வளவு சந்தோசம்.)

அப்போது டொக்டர் மெல்வதை நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்து, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுறாவுக்கு எலும்பே கிடையாது என்றார். இது இடுப்பெலும்பில் பின்னங்கால் வந்து பொருந்துகிற இடம் போலக் கிடக்கிறது என்றும், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வகுப்பு எடுப்பதுபோலச் சொன்னார்.

மாமி கையை உதறவில்லை, எழும்பவும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். இதுக்கு எத்தினை கால்?"

"நாலு, மாமி" என்றேன். அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை. அழுதுகொண்டே முதலை என்பதையும் சொன்னேன். இவர் எழும்பப் பார்த்தபடி செதில், முட்டை என்று தொடங்கினார். கதிரை சாய்ந்து, பாதிப் பேச்சில் காணாமல் போனார்.

மாமி தன் தட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. தன் கணவர் கண்ணை மூடின நாளிலிருந்து இறைச்சி தொட்டதில்லை என்றார், மெதுவாக. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வசந்தியும் போச்சு, ஒரு விதவைத் தாயின் விரதத்தையும் கெடுத்துவிட்டேன்.

மாமி தண்ணீர் குடித்தார். யோசித்தார்.

"நண்டுக்கும் கால் கிடக்கு. அதை நாங்கள் தள்ளியே வைக்கிறம்? தண்ணிக்குள்ள இருக்கிறது மீன்தான்."

என் கணவர் தரையிலிருந்தபடியே ஓம் என்றார். மாமி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா கதை இந்த நாலு பேரைத் தாண்டக் கூடாது. வெளியாக்களெண்டாச் சொல்லித் திரிவினம். சொந்தக்காரரெண்டா வாயை மூடிக்கொண்டு இருப்பினம். தங்கச்சியின்ர சாதகத்தை எடும் பாப்பம்."

போகும்போது மிச்ச வறையையும் ஒரு டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சீதனம் ஒரு சதம் கேளாமல் கல்யாணம் நடந்தது. வசந்தி வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாளில் மாமியும் நிரந்தரமாக வந்து சேர்ந்து, கடைசிவரை அவளோடுதான் இருந்தார். சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு, மச்சக் கரண்டி சைவச் சட்டியைப் பார்த்தாலே தலை முழுக வேண்டும். நான் ஆசைப்பட்டபடி கதைக்க எனக்கு ஆள் கிடைத்தது. தினமும் பின்னேரம் தொலைபேசி அடிக்கும். கதை முழுவதும் மாமியைப் பற்றித்தான்.

மாமி போய்ச் சேர்ந்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், பந்தி முடிந்ததும் பேரப்பிள்ளைகள் வசந்தியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கதையைக் கேட்பார்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்ற இரக்கம்கூட இல்லாமல் அவள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவாள்.

"எல்லாரும் மீனைக் கட்டி முதலையைப் பிடிப்பினம். எங்கட அக்கா முதலையைக் கட்டி எனக்கு ஒரு மாமியைப் பிடிச்சவ."