வைப்பர் மோட்டாரில் வறுத்த காப்பி

தீனதயாளனுக்குக் கண் விழிக்கும்போது தலைமாட்டில் காப்பி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கத்துவார். இருந்தால் குறை சொல்வார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் லாரி எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கும் அந்த மனுசர், அன்றைக்கும் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், எழுந்து உட்கார்ந்து சபதம் போட்டார்.

"உஷா! இனிமே இந்த ஊட்டுக்குள்ள கடைக் காப்பித்தூள் வரக்கூடாது!"

"ஏனுங்க, என்னாச்சு?" என்றாள் மனைவி உஷாராணி.

"ஏற்காட்டு அடிவாரத்துல குடியிருந்துக்கிட்டு, எவனோ எப்பவோ வறுத்த தூளக் குடிக்கறோம். வெக்கமா இல்ல? மேல காப்பிக்கொட்டை வெளையுது. கீழ நான் இருக்கறேன். நடுவுல கடைக்காரன் எதுக்கு?"

"நடுவுல காலங்காத்தால எந்திரிச்சுக் காப்பி போடற நான் ஒருத்தி இருக்கறனுங்களே."

அது அவர் காதில் விழவில்லை. அவர் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மெஷின் என்றால் சும்மா இல்லை. உஷாராணி காய் கழுவுகிற ஓட்டை போட்ட எவர்சில்வர் கூடைகள் இரண்டையும் வாயோடு வாய் சேர்த்து ரிவிட் அடித்தார். நடுவில் ஒரு கம்பி. கம்பியின் முனையில் பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டார். கீழே சின்ன கேஸ் அடுப்பு. இடம், மொட்டை மாடி. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காருக்கு ஒரு பேட்டரி. லாரிக்கு இரண்டு. காலமெல்லாம் லாரியிலேயே கிடந்த கைக்கு ஒற்றைப் பேட்டரி எல்லாம் ஒரு பேட்டரியா? இரண்டையும் மாடிக்குத் தூக்கி, ஜோடி சேர்த்து மாட்டினார். பாவம் அந்தக் கார் மோட்டார், சாமி வந்தாற்போல ஆடியது. கூடை சுற்றிய வேகத்தில், ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த பச்சைக் காப்பிக்கொட்டை எல்லாம் அதன் சுவரோடு அப்பிக்கொண்டது. புரளவே இல்லை. உமி மட்டும் பறந்து, கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகளில் போய் உட்கார்ந்தது.

"கருகிப்போச்சுங்களே!"

"கருகல. இதுக்குப் பேரு டார்க் ரோஸ்ட்டு."

"திருப்பிப் பாத்தா இந்தப் பக்கம் பச்சையா இருக்குதே?"

"அது லைட் ரோஸ்ட்டு. ஒரே ஈட்டுல ரெண்டும் வருது பாரு, எவன் மெஷின்ல வரும்?"

அடுத்த ஈடும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். இந்த நேரம் பார்த்து வெண்ணந்தூரிலிருந்து உஷாராணியின் அண்ணன் கைலாசம் போன் செய்தார், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று. கைலாசம் தறி ஓட்டுகிறவர். அதைவிட வேகமாக வாய் ஓட்டுகிறவர். முன்பு தீனதயாளன் மாவாட்ட ஒரு மெஷின் செய்து, மாவெல்லாம் மச்சுக்குப் போன கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு சேலம் ஜில்லாவிலேயே கிடையாது.

"வாங்க மச்சான்! நானே வறுத்த காப்பி குடிக்கலாம்!" என்று தீனதயாளன் போனிலேயே முழங்கிவிட்டார்.

உஷாராணி மெதுவாகக் கேட்டாள். "அண்ணன் நல்லா இல்லீன்னு சொல்லிட்டா?"

"மெஷினப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டர்றேன்!" என்றார். சொன்ன பிறகு மாடிக்குப் போய் மெஷினை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பெற்ற பிள்ளையைப் போல அல்லவா அதைத் துடைத்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை, மிச்சம் இருந்த கொட்டை என்று அவர் நினைத்ததை எல்லாம் கொட்டி வறுத்தார். எல்லாம் கரி. வாசலில் கைலாசத்தின் கார் ஹாரன் கேட்டது. தீனதயாளன் மாடிப்படியில் உருளாத குறையாக இறங்கிச் சமையலறைக்குள் ஓடினார்.

"உஷா, மானம் போகுது! கடைத்தூள் எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பியே, அதப் போட்டுக் குடுத்துரு. உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அது ஊட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னீங்க?"

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"போயி அண்ணன் பக்கத்துல உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

காப்பி வந்தது. கைலாசம் ஒரு வாய் குடித்தார். பேசவில்லை. கைலாசம் பேசாமல் இருந்ததை இருவரும் அன்றுதான் பார்த்தார்கள்.

"மாப்ள... இது அந்த மெஷின்ல வறுத்ததுங்களா?"

"ஆமாண்ணா, அவரு மெஷின்ல வறுத்ததுதான்" என்றாள் உஷாராணி, முந்திக்கொண்டு.

"இத்தன வருசம் நான் குடிச்சது காப்பியே இல்லீங்க மாப்ள. கையக் குடுங்க. அந்த மாவு மெஷின் கதைய இனி நான் வாயெடுத்துச் சொன்னா என்னான்னு கேளுங்க!"

தீனதயாளனுக்கு நெஞ்சு சட்டைப் பொத்தானை இழுத்தது. உஷாராணி இதுதான் சமயம் என்று பெருமூச்சு விட்டாள்.

"நான் போடறது இவருக்கு வாய்க்கு ஒத்துக்கறதே இல்லண்ணா. காலைக் காப்பிய இவரே போட்டா..."

"போடறேன்! தினமும் போடறேன்! நீ எந்திரிக்கவே வேண்டாம், கட்டிலுக்கே வரும்!"

"மாப்ள சொன்னாச் சொன்னதுதான். டெய்லி காத்தால நானே போன் போட்டுக் கேக்கறேன்" என்று எழுந்தார் கைலாசம்.

கார் தெருமுனை தாண்டியதும் தீனதயாளன் கண்ணடித்தார். "நல்லா நடிச்ச புள்ள. நாளைக்கு அந்தக் கடைத்தூள நீயே போட்டுரு."

"கடைத்தூளா? அது எங்கீங்க இருக்குது?"

அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரே நிறத்தில், புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று வறுத்த காப்பிக்கொட்டை. ஒன்றை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்றது. வாசனை ஆளைத் தூக்கியது.

"நீங்க பட்டறைக்குப் போனப்ப கொட்டையில பாதிய எடுத்து வெச்சு வறுத்தேனுங்க. ரெண்டு பேட்டரியையும் மாடிக்குத் தூக்க முடியல. ஒண்ண மட்டும் இழுத்துட்டுப் போயி மாட்டினேன். மெதுவாச் சுத்துச்சு. கொட்டை நல்லாப் பொரண்டு கொடுத்துச்சு. வெடிக்கற சத்தம் அடங்கினதும் மொறத்துல கொட்டிப் பொடச்சுட்டேன்."

தீனதயாளன் வாயைப் பிளந்தார். கார் மோட்டாருக்கு ஒரு பேட்டரிதானே, அவர் மாட்டியது லாரிக்கு மாட்டுகிற மாதிரி இரண்டு! பட்டறையில் சின்னப் பையன் செய்தால் தலையில் குட்டுகிற தப்பு!

"அடி ஆத்தா! நீ என் பட்டறையில இருக்க வேண்டியவ!" என்றார், மனசாரத்தான்.

"மெஷினு நெசமாவே நல்ல மெஷினுங்க" என்றாள் அவளும், மனசாரத்தான். "வறுக்கறத நான் பாத்துக்கறேன். போடறதுதான் நீங்க அண்ணங்கிட்ட வாக்குக் குடுத்துட்டீங்களே."

மறுநாள் விடிவதற்குள் கைலாசத்தின் போன் வந்துவிட்டது. தீனதயாளன் பாலைப் பொங்கவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, டிகாஷன் இறங்கக் காத்திருந்து, ஒரு வழியாகக் காப்பியைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கே இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார்.

உஷாராணி போர்வைக்குள்ளிருந்து எழுந்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, தேவாமிர்தமுங்க! இந்தக் கைப்பக்குவம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

தீனதயாளன் அடுக்கி வைத்ததெல்லாம் மறந்துபோய், மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்படின்னா சாயந்தரக் காப்பியும் நானே போட்டுரட்டுமா?"