ஐந்து வட்டம் போட்ட சொல்

பிள்ளைகளே, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு ஆங்கிலத்தின் மேல் ஒரு மரியாதை இருக்கும். பயம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சேர்ந்து இருந்தபடியால்தான் நாற்பது பெட்டி மலேரியா நுளம்பு மருந்தை ஒரு காரணமும் இல்லாமல் கடல் தாண்டி அனுப்பினேன். வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறீர்கள். போன கிழமை கேட்டபோது பெட்டிகள் முந்நூறாகிவிட்டன. ஆகவே நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகப் பண்டகசாலையில், கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி, எது எங்கே போக வேண்டும் என்று வெண்கட்டியால் அடையாளம் போடுவது என் வேலை. சிலுவை போட்டால் ரயில். கோடு போட்டால் லொறி. வட்டம் போட்டால் விரிகுடா தாண்டி மூதூருக்குப் போகும் லோஞ்ச். இது அங்கே நிற்கிற நாய்க்கும் தெரியும்.

அந்த நாளில்தான் அன்புவழிபுரத்துக்குப் பொம்பிளை பார்க்கப் போனேன். (பொம்பிளை உங்கள் அம்மா.) உங்கள் அம்மப்பா தந்திக் கந்தோரில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர். மற்றவர்கள் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்பார்கள், காணி கேட்பார்கள். அவர் ஒரு கடதாசியில் ஐந்து ஆங்கில எழுத்துகளை எழுதி எனக்கு முன்னால் வைத்தார். சீ, எச், எல், பீ, வை.

"தம்பி, இந்த அஞ்செழுத்தும் உள்ளுக்க வாற ஒரு இங்கிலிஸ் சொல் கொண்டாரும். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள."

"இடையில வேற எழுத்தும் வரலாமோ ஐயா?"

"வரத்தானே வேணும். நீளமாயிருக்க வேணும். என்னட்டைப் பத்தெழுத்தில ஒண்டு இருக்கு. அதுக்கு மேல பாரும்."

"கிடைக்காட்டில்?"

"தேத்தண்ணியைக் குடியும்" என்றார்.

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பதற்காக உலகத்தில் உள்ள எல்லா ஆங்கிலச் சொற்களையும் வாசித்து முடிப்பதென்று தீர்மானித்தேன்.

வாசிகசாலை அகராதியை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். மூன்று பின்னேரம் போனது. முதலாவது எழுத்தே முடியவில்லை. இந்த வேகத்தில் போனால் உங்கள் அம்மாவுக்கு அறுபதாவது வயதில் தாலி கட்டலாம் என்று கணக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை ஒரு கப்பலில் மலேரியா ஒழிப்புக்கான மருந்து வந்தது. மற்றக் கப்பல்களில் வரும் பெட்டிகளில் டி.டி.டி. என்று மூன்றெழுத்துத்தான் அச்சடித்திருக்கும். இந்தக் கப்பல்காரர், பிள்ளைக்கு முழுப் பெயர் வைப்பதுபோல், மருந்தின் முழுப் பெயரையும் மூடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடித்திருந்தார்கள். டைகுளோரோடைபீனைல்ட்ரைகுளோரோஈதேன். (மூச்சு விட்டுவிட்டு வாசியுங்கள்.)

வெண்கட்டியை எடுத்து சீயைத் தேடினேன், இருந்தது. வட்டம் போட்டேன். எச்சும் எல்லும் இருந்தன. பீயும் இருந்தது. வையைக் கண்டபோது அழுகையே வந்தது. ஐந்துக்கும் ஐந்து வட்டம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பெட்டியில் பிழையாக அச்சடித்திருந்தால் என்ன செய்வது என்று அடுத்த பெட்டியையும் பார்த்தேன். பிறகு அதற்கடுத்ததையும். நாற்பது பெட்டியிலும் இருநூறு வட்டம் போட்டு முடிய மத்தியான மணி அடித்தது. சாப்பிட்டு வந்து ஆறுதலாகக் கடதாசியில் எழுதிக்கொள்வோம் என்று போனேன்.

திரும்பி வந்தால் நிலம் வெறுமையாகக் கிடந்தது.

பெட்டி ஏற்றுகிறவர்களுக்குத் தலைவர், கிண்ணியா காசிம் நானா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

"நானா, பெட்டியள் எங்க?"

"மூதூருக்குப் போயிட்டு. லோஞ்சை மறிச்சு ஏத்தினோம்."

"ஏன் நானா?"

"நீங்கதானே தம்பி வட்டம் போட்டீங்க. ஒரு வட்டமெண்டா மூதூர். அஞ்சு வட்டமெண்டா ஓடி ஓடி மூதூர். பொடியன்மார் இன்னும் சோறு தின்னல்ல."

பண்டகசாலைப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலமை நீரே போய், நீரே சுமந்து, நாப்பதையும் கொண்டு வாரும்" என்றார். சொல் கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் சிரித்துவிட்டேன். தண்டனையைக் கேட்டுச் சிரித்தவனை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். "காய்ச்சலோ?" என்று கேட்டார்.

வெள்ளி காலை மூதூரில் இறங்கியபோது பெட்டிகளைச் சுற்றிச் சனம். ஒரு மீன்காரர் என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லுங்க. இவ்வளவு மருந்தெண்டா, வாற நுளம்பு என்ன அளவு?"

நான் மூடியைப் பார்த்து, கடதாசியை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். முதல் முறை எண்ணினால் முப்பது எழுத்து. இரண்டாம் முறை முப்பத்திரண்டு. மூன்றாம் முறை எழுதும்போது ஒரு ஆடு வந்து கடதாசியைத் தின்றது. இறக்கும்போது ஒரு பெட்டியின் மூடி கழன்றிருந்தது. சொல்லை எழுதுவதை விடச் சுமப்பது சுகம் என்று பட்டது. அந்தப் பெட்டியைச் சாக்குப் போட்டுக் கட்டினேன். முப்பத்தொன்பது மூடியோடும் ஒன்று மூடியில்லாமலும் ஏற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். பெரியவரிடம் கேட்டு மூடியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அன்புவழிபுரத்துக்கு நடந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை மருந்து மா. வழியில் இரண்டு பேர் எனக்கு ஒதுங்கி இடம் விட்டார்கள்.

அம்மப்பா மூடியைக் கதிரையில் சாத்திவிட்டு, பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினார். பாதியில் தும்மினார். திரும்பவும் முதலிலிருந்து. இன்னொரு தும்மல்.

கதவிடுக்கால் பார்த்து எண்ணியவரின் குரல் வந்தது. "முப்பத்தொண்டு, அப்பா."

அவர் நிமிர்ந்தார். "அப்ப சரி வராது தம்பி. தந்தியில பதினைஞ்செழுத்து வரைக்கும்தான் ஒரு சொல். அதுக்கு மேல போனால் அடுத்த சொல்லா எண்ணுவம். இது பதினைஞ்சு, இன்னொரு பதினைஞ்சு, ஓரெழுத்து மிச்சம். மூண்டு சொல். நான் கேட்டது ஒரு சொல்."

கால்சட்டைப் பையில் மிச்சமிருந்த வெண்கட்டித் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருடச் சட்டத்தோடு யார் வாதாடுவது?

உங்கள் அம்மா வெளியே வந்தார். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பா, நாங்கள் இப்ப தந்தியே அடிக்கப் போறம்?" என்றார். "இவருக்கு முன்னம் உங்கட கடதாசியை வாங்கின நாலு பேரில ஆர் திரும்பி வந்தது? இவர் பலகையோட வந்து நிக்கிறார். குளிக்கத் தண்ணி குடுங்கோ."

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "ஓம்" என்றார். அது ஒரே ஒரு சொல்தான்.

பண்டகசாலையில் அதற்குப் பிறகு எனக்கு வெண்கட்டி தரவில்லை. இளைப்பாறும் வரை பென்சில்தான். மூடியை நன்றாகக் கழுவி, அம்மா சமைக்கும் குசினி வாசலுக்கு மேலே அடித்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியோ அலுமாரித் திறப்போ எது காணாமல் போனாலும் அம்மா தேடுவதில்லை. "அப்பா வட்டம் போட்டிருப்பார். மூதூருக்கு ஆளனுப்புங்கோ" என்பார். போன மாதம் என்னையே காணவில்லை என்று நீங்கள் தேடியபோதும் அதைத்தான் சொன்னாராம்.

அன்று நான் உண்மையாகவே மூதூரில்தான் இருந்தேன். அது வேறு விஷயம்.