பிரபஞ்சம் வெடித்தபோது அக்காவுக்கு மிச்சம் ரெண்டு காய்

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. பலருக்கும் அப்படித்தான் என்பார்கள். ஆனால் பலர் கோபத்தில் ஒரு தட்டை உடைத்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் என் அக்காவின் அரசு வேலையை உடைத்தேன். அதுவும் என்றைக்கோ செத்துப்போன ஒரு வெளிநாட்டுக் கதாசிரியர்மேல் இருந்த ஆத்திரத்தில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. (கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் மளிகைக் கடைக்குக்கூடப் போகமாட்டேன்.) விம்கோ நகரில் எங்கள் தெரு கேரம் கிளப்பில் ஞாயிறு மாலை வாசகர் வட்டம் கூடும். அந்த வாரம் எடுத்துக்கொண்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கதாசிரியர் பிரபஞ்சத்தைப் பற்றி எழுதிய நூல். பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆதியில் எல்லாமே ஒரே துகளாக இருந்ததாம். அது நாலாபக்கமும் சிதறி நட்சத்திரங்கள் ஆனதாம். தூரத்து ஒளி இன்னும் வந்து சேராததால்தான் ராத்திரி இருட்டாம். பிற்பாடு விஞ்ஞானிகள் பெரிய பெரிய கருவிகளோடு வந்து, ஆள் ஏறக்குறைய சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றார்கள். என் வயிற்றெரிச்சலே அதுதான். நான் ஒவ்வொரு மார்க்குக்கும் கணக்குப் போட்டுக் காட்டியவன். இந்த மனுஷன், அழகாகப் பொருந்துகிறது, ஆகவே உண்மை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அதே ஞாயிறு, அதே ஹாலில் காலையிலிருந்து மாவட்ட கேரம் போட்டி. பெண்கள் இறுதி ஆட்டத்தில் என் அக்கா கலா. ஜெயித்தால் மாநில அணி, அங்கே ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி துணி செக்கிங் செய்துகொண்டிருந்த அவளுக்கு, வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு.

நான் போனபோது கரண்ட் இல்லை. போட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் எதிரே டீக்கடையில் நின்றார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். (யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்?) உண்மையில் கடைசி போர்டு பாதியில் நின்றிருந்தது. கரண்ட் வந்ததும் அதே நிலையிலிருந்து தொடரலாம் என்று நடுவர் நிறுத்திவைத்திருந்தார். எங்கள் ஏரியாவில், பாதியில் நிறுத்திவைத்த போர்டின் மேல் யாரும் மூச்சுகூட விடமாட்டார்கள், அதனால் காவலுக்கு ஆளும் இல்லை.

ஜன்னலோர மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த வாசகர் வட்டத்து ஆறு பேர் முன்னால் அந்தக் கதாசிரியரைக் கிழிகிழியென்று கிழித்தேன். ருசு இல்லாத ஊகம் சரியாகவே இருந்தாலும் செல்லாது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். துகள் கதையைக் கிண்டல் செய்ய எனக்கு ஒரு செய்முறை வேண்டியிருந்தது. போர்டில் இருந்த காய்களை அள்ளினேன். முன்வரிசையில் இருந்த லோடுமேன் மாணிக்கம் அண்ணன் கையைத் தூக்கினார். கேள்வியெல்லாம் கடைசியில் என்றேன். பாக்கெட்டில் விழுந்திருந்த காய்களையும் எடுத்து நடுவில் வட்டமாக அடுக்கினேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி அதட்டிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு பிரேக் விழுந்ததில்லை. அந்த நேரம் பார்த்து கரண்டும் வந்தது.

"நைனா, அது உங்கக்கா ஆடிக்கினு இருந்த போர்டு" என்றார் மாணிக்கம் அண்ணன்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, போர்டைத்தான் பார்த்தாள். பிறகு நடுவரிடம் ஒவ்வொரு இடமாக விரல் வைத்துக் காட்டினாள். "எனுக்கு ரெண்டு வெள்ளைதான் மிச்சம். ஒண்ணு இங்க, பாக்கெட் வாயில. ஒண்ணு நடுவுல, கருப்போட ஒட்டிக்கினு இருந்துச்சு. அவங்களுக்கு அஞ்சு கருப்பு" என்று அந்த ஐந்தையும் காட்டினாள். எதிராளிப் பெண், தனக்கு அப்படி ஞாபகம் இல்லை என்றாள். ஆறு பேரையும் கேட்டார்கள். இருட்டில் போர்டு தெரியவில்லை, என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்கள்.

நான் பொறுக்கமுடியாமல் நடுவில் புகுந்தேன். அக்கா சொல்வது ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகிறது, ஆகவே உண்மையாகத்தான் இருக்க முடியும் என்று வாதாடினேன்.

நடுவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கலா சொல்றது கரீட்டுன்னுதான் எனுக்கும் தோணுது. ஆனா ருசு இன்னா கீது சார்? ருசு இல்லாத ஊகம் செல்லாதுன்னு நீங்கதானே இவ்ளோ நேரம் கத்திக்கினு இருந்தீங்க?"

புது போர்டு போட்டு முதலிலிருந்து ஆடவைத்தார்கள். அக்கா தோற்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகும் லாரிகள் எழுப்பிய புழுதியில் நான் அழுதுகொண்டே நடந்தேன். அக்கா ஒரே ஒரு தடவை பேசினாள். "அந்த புக்கு எழுதுன ஆளு நெனச்சது கரீட்டா பூட்ச்சு. நீ நெனச்சது தப்பா பூட்ச்சு. வூட்டுக்கு வா."

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவே இல்லை. இன்றைக்கு அதே கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்கு என்மேல் உள்ள கோபம் இன்னும் தணியவில்லை, தணிய விடுகிற குடும்பமும் இல்லை. அக்காவின் மகள்கள் கேரம் ஆடும்போது நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், இரண்டு பேரும் நாலு கைகளையும் விரித்து போர்டை மூடிக்கொள்வார்கள். நான் டீ குடித்துக் கிளம்பும்வரை எடுக்கமாட்டார்கள். சின்னவளுக்கு நாலு வயது. அவளுக்கு இன்னும் காய் அடிக்கத் தெரியாது, மூடத் தெரியும்.